கூத்துக்காரர் ஒருவரை ஆவணப்படம் எடுக்கப் போகிறீர்களா?

ஆடியில் கல்யாணம் கிடையாது. என்னைப் போலக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவனுக்குக் கேமரா சும்மா கிடக்கும் மாதம். செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கத்துத் தெருக்கூத்து ஜமாக்களுக்கோ (ஜமா என்றால் கூத்துக் குழு) அந்த மாதத்தில் தூங்க நேரம் இருக்காது. இந்த வசதியில்தான் கூத்துக்காரர்கள் பின்னால் சுற்ற ஆரம்பித்தேன். "நானும் ஒரு ஆவணப்படம் எடுக்கணும்ணா, எங்க தொடங்கறது?" என்று கேட்கிற தம்பிகளுக்குச் சொல்வதை எழுதி வைக்கிறேன்.

முதலில், "அழிந்துவரும் தெருக்கூத்து" என்ற தலைப்பை நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு போனால் கிழவர்களின் பெருமூச்சு மட்டும்தான் கிடைக்கும். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம், அதாவது மகாபாரதக் கதைத் திருவிழா, இன்னும் வைக்கிறார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் செத்து விழும் படுகளம், சாயங்காலம் தீமிதி. கருமகாரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கிற வழக்கமும் போய்விடவில்லை. சில ஊர்களில் கூத்துக்குப் பதில் பாட்டுக் கச்சேரி வந்துவிட்டது, அதுவும் உண்மை. அழிகிறதா இல்லையா என்ற தீர்ப்பை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

இந்த சீசனுக்குள் ஏதோ ஒன்றை முடிவு செய்தாக வேண்டிய ஓர் ஆளைத் தேடுங்கள். நான் பின்தொடர்ந்தவர் பெண் வேஷக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், திரௌபதி வேஷத்துக்குப் பேர் போனவர். கூத்து இல்லாத நாளில் கட்டட வேலைக்குப் போவார். மகன் சிப்காட்டில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி அப்பா சேலை கட்டி ஆடணுமா?" என்பது அவன் கேள்வி. அவனிடம் கேட்டால் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. மகனை வில்லனாக்காமல் இந்த இழுபறியைக் காட்ட முடிந்தால் படம் தேறிவிடும்.

பெண் வேஷம் கட்டுகிறவர் மீசை வைத்துக்கொள்ள முடியாது. மழைக்காலத்தில் கூத்து இல்லை என்பதால் இவர் மீசை விடுவார். சீசன் தொடங்கும்போது எடுத்துவிடுவார். எந்தப் பேட்டியிலும் இதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை. கார்த்திகையில் எடுத்த காட்சியையும் பங்குனியில் எடுத்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு வாரம் தங்கி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருஷம் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும்.

அதனால் முதல் அறிமுகத்தை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வீட்டில் இருப்பார், பேச நேரம் இருக்கும். முதல் சந்திப்பில் கேமரா வேண்டாம். முதலில் கூத்து வாத்தியாரைப் பாருங்கள். ஜமா அவருடையது, அவரைத் தாண்டி ஒரு வேஷக்காரரிடம் போனால் அந்த வேஷக்காரருக்குத்தான் சங்கடம். பணத்தை அப்போதே பேசிவிடுவது நல்லது. நம்மால் அவருக்கு ஒரு நாள் கூலி போனால் அந்தக் கூலியை நாம் கொடுக்க வேண்டும். படத்தை எங்கெங்கே போடுவோம் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கோயில் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும். அர்ச்சுனன் மரத்தில் ஏறித் தவம் செய்யும் அர்ச்சுனன் தபசு அன்று குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் தபசு மரத்தடியில் முந்தானை ஏந்தி நிற்பார்கள். அவர்கள் முகத்தைக் கிட்டத்தில் எடுக்காதீர்கள். யார் அனுமதி கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

இனி ராத்திரி. எட்டு மணிக்கே வேஷம் கட்டும் இடத்துக்குப் போய்விடுங்கள். பள்ளிக்கூட வராந்தாவாக இருக்கும், இல்லை கோயிலுக்குப் பின்னால் கீத்துக் கொட்டகையாக இருக்கும். அவரவர் முகத்தை அவரவரே எழுதுகிறார்கள், கையில் ஒரு சின்னக் கண்ணாடி. கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை, கண்ணாடிச் சில்லு பதித்தவை. உங்கள் விளக்கை அதன்மேல் அடித்தால் லென்ஸ் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். இருக்கிற பல்பே போதும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். முகத்தில் சிவப்பு ஏற ஏறக் கேமரா அதைச் சரிசெய்யப் பார்த்து நிறத்தைக் கெடுக்கும். தரையில் உட்கார்ந்து, அவர் கண் மட்டத்தில் எடுங்கள். கண்ணுக்கு மை எழுதும்போது கேள்வி கேட்கக் கூடாது. நம் ஆள் சேலையைக் கட்டி முடித்ததும் பேச்சைக் குறைத்துக்கொள்வார், பீடி பிடிக்க மாட்டார். அந்த மாற்றத்தை வெட்டாமல் ஓட விடுங்கள்.

பத்து மணி வாக்கில் களரி கட்டுவார்கள், அதாவது மேளதாளத்தோடு கூத்தைத் தொடங்குவார்கள். ஒலிதான் பெரிய வேலை. குழாய் ஸ்பீக்கரிலிருந்து கேமரா மைக்கில் ஏறுவது வெறும் இரைச்சல். தனி ரெக்கார்டர் ஒன்றை மேளக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் காதைக் கிழிக்கும், ஆகவே அளவைக் குறைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைக் செட்காரரிடம் நட்பாக இருந்தால் நேராக ஒரு லைன் கொடுப்பார். டியூப் லைட்டும் எல்.இ.டி.யும் நடுங்காமல் இருக்க 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கு. 50 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 22.5 ஜிபி ஆகும், விடிய விடிய எட்டு மணி நேரத்துக்கு 180 ஜிபி. ஒரு கேமராவை அசையாமல் அகலக் காட்சியில் வைத்துவிட்டு இன்னொன்றோடு நீங்கள் நடமாடுங்கள். எந்த வேஷம் எப்போது திரைக்குப் பின்னால் வரும், கோமாளியான கட்டியங்காரன் எங்கே புகுந்து விளையாடுவான் என்பதை வாத்தியாரிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு மணிக்கு மேல் கேமராவைக் கூட்டத்தின் பக்கமும் திருப்புங்கள். பாதிப் பேர் பாயில் உறங்குவார்கள். துகிலுரிதல் வரும்போது எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்த பாட்டிகள் சரியாக எழுந்து உட்கார்வார்கள். அந்தக் கட்டத்தில் கற்பூரம் ஏற்றுவார்கள், சிலருக்குச் சாமி வரும், ஆடுகிறவருக்கே வரலாம். பத்தடி தள்ளி நில்லுங்கள்.

பேட்டியை மறுநாள் அவர் தூங்கி எழுந்த பிறகு வீட்டில் எடுங்கள். "கலை அழிவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே வசனம் பேசுவார்கள். நேற்று பங்கு எவ்வளவு வந்தது, கிரீடம் யார் செய்தது, முதன்முதலில் சேலை கட்டியபோது கட்டிவிட்டது யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு இவர் "எங்க அம்மாதான்" என்றார். அப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே வெகுநேரம் பேசினார்.

எடிட்டிங்கில் ஒரே பிடிவாதம் வேண்டும்: ஒரு பாட்டையாவது முழுசாக விடுங்கள். பின்குரல் விளக்கம் கூடியவரை வேண்டாம். அரை மணி, முக்கால் மணிக்குள் முடியுங்கள். விழாவுக்கு அனுப்பும் முன் ஜமாவுக்கும் வீட்டாருக்கும் போட்டுக் காட்டுங்கள். கந்துவட்டிக் கடன் பற்றி அவர் பேசியது நல்ல காட்சி, சம்பந்தி வீடு பார்க்கும் என்று நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன். ஆவணப்படங்களுக்கென்றே மும்பையிலும் திருவனந்தபுரத்திலும் அரசு நடத்தும் விழாக்கள் இருக்கின்றன. தியேட்டரில் போடுவதென்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும்.

வாத்தியார் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது வேறு. "படம் இருக்கட்டும் தம்பி, அந்த ராத்திரி முழுசையும் பென்டிரைவ்ல போட்டுக் குடு. புதுப் பசங்க பாட்டு அதப் பாத்துதான் எடுக்குதுங்க." அதற்காக, அசையாமல் வைத்த அந்த அகலக் காட்சியை அழித்துவிடாதீர்கள். போனில் ஓடும் அளவுக்குச் சுருக்கி, வேஷம் வேஷமாகத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் போட்டுக் கொடுங்கள். இரண்டு நாள் வேலை.