வெள்ளைக் கறையைப் பார்த்து மெஷின் வாங்காதீர்கள்: குழாய்த் தண்ணீர் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

புறநகர்க் குடியிருப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கவனிப்பது குழாய் வாயில் படியும் வெள்ளைக் கறையைத்தான். பக்கெட் உள்பக்கம் சொரசொரப்பாகிறது, சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது, கண்ணாடி டம்ளர் காய்ந்ததும் மங்கலாகத் தெரிகிறது. உடனே தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று முடிவு கட்டி, எவரோ சொன்ன ஒரு மெஷினை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அந்த அவசரம்தான் பெரிய தவறு.

அந்தக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் என்பதற்கு, அதாவது தண்ணீரின் கடினத்தன்மைக்கு, அது அடையாளம், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்ச வரம்பு எதையும் வைக்கவில்லை. ஆனால் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 50 மி.கி., ஃப்ளோரைடுக்கு 1.5 மி.கி., ஆர்செனிக்குக்கு 0.01 மி.கி. என்று வரம்பு வைத்திருக்கிறது. இந்த மூன்றும் கறை விடாது, நாற்றம் அடிக்காது, நிறத்தை மாற்றாது. கண்ணுக்குத் தெரிகிற உப்பைப் பார்த்துப் பயந்துகொண்டு, தெரியாததைச் சோதிக்காமலே வருடக்கணக்கில் குடிக்கிறோம் என்பதுதான் என் கவலை.

அடுத்து டிடிஎஸ் மீட்டர். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் விட்டதும் ஒரு எண் காட்டும், அந்த எண்ணை வைத்து அக்கம்பக்கத்தில் பெரிய விவாதமே நடக்கும். அந்தக் கருவி அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. அதிலிருந்து கரைந்த உப்பின் மொத்த அளவைக் குத்துமதிப்பாகச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. 400 என்று காட்டினால் அதில் பெரும்பகுதி கால்சியமாகவும் இருக்கலாம், வெறும் சோடியமாகவும் இருக்கலாம். கிருமி இருக்கிறதா என்பதை அது சொல்லவே சொல்லாது.

இதைப் புரிந்துகொள்ளாமல்தான் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் மெஷின், மாட்டியவர்கள் டெக்னீஷியனிடம் சண்டைக்குப் போகிறார்கள்: போடும் முன்பும் 400, போட்ட பிறகும் 400, மெஷின் வேலை செய்யவில்லை என்று. உண்மையில் அது சரியாகத்தான் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் ஒரு கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குப் பதிலாக இரண்டு சோடியத்தை விடுகின்றன. எடைக் கணக்கில் 40 போய் 46 வருகிறது, அதனால் மீட்டர் எண் குறையாது, துளி கூடவும் செய்யலாம். சாஃப்ட்னர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கடினத்தன்மைக்கான சொட்டு கிட் வாங்குங்கள். கொஞ்சம் தண்ணீரில் நிறப்பொருளைக் கலந்து, சிவப்பு நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். லிட்டருக்கு 60 மி.கி. வரை மென்மை, 120 வரை மிதம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. சில மெஷின்களில் அளவை கிரெயின் கணக்கில் கொடுக்கச் சொல்வார்கள். 1 கிரெயின் என்றால் லிட்டருக்கு 17.1 மி.கி.; 300 மி.கி. தண்ணீருக்கு சுமார் 17.5 என்று வைக்க வேண்டும். அங்கே அப்படியே 300 என்று போட்டால் உப்பும் தண்ணீரும் வீணாகும்.

பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டை நம்புவது இன்னொரு தவறு. புறநகரில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குக் குழாய் விநியோகம், அடுத்த வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறு, இன்னொன்றில் இரண்டும் கலந்து தொட்டியில் ஏறும். மழைக்காலத்தில் ஒரு மாதிரி, வறண்ட மாதங்களில் வேறு மாதிரி இருக்கும். அதனால் இரண்டு பருவத்திலும் ஒரு தடவை சோதிப்பது நல்லது. தொட்டிக்கு முன் ஒரு மாதிரி, சமையலறைக் குழாயில் ஒரு மாதிரி என்று எடுத்தால்தான் கோளாறு வரும் தண்ணீரிலா, நம் தொட்டியிலா என்று தெரியும். கிருமிப் பரிசோதனைக்கு லேப் கொடுக்கிற பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும், அதைக் கழுவக் கூடாது. உள்ளே இருக்கும் சிறிதளவு பொடியோ துளியோ குளோரினை முறிப்பதற்காகப் போட்டது. பலர் அழுக்கு என்று நினைத்து அலசி விடுகிறார்கள். எடுத்த மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

சரி, மெஷின்களுக்கு வருவோம். சாஃப்ட்னர் துவைக்க, குளிக்க, ஹீட்டரைக் காப்பாற்ற உதவும். கிருமியையோ நைட்ரேட்டையோ நீக்குவதற்காகச் செய்ததல்ல. சோடியத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் வீட்டில் இருந்தால் குடிக்கிற குழாயைச் சாஃப்ட்னரில் சேர்க்காமல் தனியாக விட்டுவிடுங்கள், செடிக்கு விடும் குழாயையும் அப்படியே. ஆர்ஓ கரைந்த உப்பை நன்றாகவே நீக்கும், ஆனால் ஒரு பங்கு தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளும். தேவை இருக்கிறதா என்று சோதித்துவிட்டு வாங்குங்கள். கார்பன் ஃபில்டர் குளோரின் வாடையைப் போக்கும், கடினத்தன்மையைத் தொடாது, மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாவிட்டால் அதிலேயே கிருமி வளரும். கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு கலங்கிய தண்ணீரில் சரியாக வேலை செய்யாது. குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்கிறவர்களிடம் நான் காசு கொடுக்க மாட்டேன்.

காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகம் பயம் தருவது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை பாத்திரத்தின் அடியில் படிந்து குறையும், சல்ஃபேட், குளோரைடால் வருவது அப்படியே இருக்கும். நைட்ரேட்டும் ஆர்செனிக்கும் போகாது, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் செறிவு ஏறும். நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலப்பது உண்மையிலேயே ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வேறு எதைச் சோதிக்காவிட்டாலும் இதையும் கிருமியையும் சோதித்துவிடுங்கள், தயவுசெய்து.

அவசரத்துக்கு ஹீட்டர் குழாயிலிருந்து சுடுதண்ணீர் பிடித்துச் சமைப்பதும் வேண்டாம். சூடான தண்ணீர் குழாயிலும் இணைப்பிலும் உள்ள உலோகத்தை அதிகமாகக் கரைத்துக்கொண்டு வரும். ஹீட்டரை 60 டிகிரிக்கு மேல் ஏற்றினால் உள்ளே உப்பு வேகமாகப் படியும். அதற்காக மிகவும் குறைத்தாலும் தேக்கி வைக்கும் ஹீட்டரில் கிருமி வளர இடம் கொடுத்ததாகிவிடும். 60-ஐ ஒட்டி வைப்பது சரி, ஆனால் அந்தச் சூடு தோலைப் பொசுக்கும், குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

டம்ளரில் பிடித்ததும் பால் மாதிரி வெளுத்திருந்தால் பதற வேண்டாம், அசைக்காமல் வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழி. அடியில் தூளாகத் தங்கினால் அதைச் சோதிக்க வேண்டும்.

கறையை எடுக்க வீரியமான ஆசிட் ஊற்றினால் குழாயின் பளபளப்புப் பூச்சு போய்விடும். ஷவர் தலையையும் குழாய் முனையில் உள்ள சின்ன வலையையும் கழற்றி, வினிகரிலோ சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரிலோ ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். அப்புறம், அந்த வேலை நடக்கும் இடத்தில் ப்ளீச் வேண்டவே வேண்டாம். அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் சாத்திய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும்.