புயலுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்?

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் சைக்ளோன், ஹரிக்கேன், டைஃபூன் என்று அடுத்தடுத்து வந்தால் விழிப்பார்கள். அகராதியை மூடிவிட்டு உலக வரைபடத்தை விரியுங்கள். வங்காள விரிகுடாவில் விரல் வைத்தால் சைக்ளோன். வட அட்லாண்டிக்கில் வைத்தால் ஹரிக்கேன். ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம் போனால் டைஃபூன். புயல் ஒன்றுதான், கடலுக்குக் கடல் பெயர் மாறுகிறது.

சைக்ளோனுக்கு ஒரு கதையும் உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் 1840களில், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதை உருவாக்கினார். பிள்ளைகளைச் சுருண்ட பாம்பு ஒன்றை வரையச் சொல்லுங்கள். (நாக்கும் போடுவார்கள், போடட்டும்.) சுருளின் நடுவில் இருப்பது புயலின் கண், ஆங்கிலத்திலும் அதே பெயர்தான். அங்கே காற்று அடங்கியிருக்கும். கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மறுபடி வீசும். எனவே திடீரென அமைதியானால் வெளியே ஓடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

டொர்னாடோ வேறு. இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் ஒடுங்கிய சுழல் அது. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். புயலோ நாள்கணக்கில் நகரும்.

சுனாமியை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது வானிலை அல்ல. பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் எழுவது. ஜப்பானிய மொழியில் ‘துறைமுக அலை’ என்று பொருள். ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஓசையில்லாத ‘டி’ (T) ஒன்று நிற்கும். சொல்வதெழுதலில் பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கேதான்.