சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்கு உடற்பயிற்சி: நான் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த உடற்பயிற்சியாளர் ஒருவர், மாலைப் பயிற்சி முடித்தவரின் குளுக்கோமீட்டரை (இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி) பார்த்து, "82-க்கு இறங்கிடுச்சு, அருமை!" என்று கைகொடுத்து அனுப்பினார். பயிற்சி முடித்தவரோ இன்சுலின் போடுபவர். வாசலுக்கு ஓடிப்போய்த் திரும்பக் கூப்பிட்டு வந்தேன். பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் ஒருவரை அனுப்பி வைத்தேன்.

இனிப்பைக் குறைப்பது, தினமும் நடப்பது எல்லாம் தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன்.

பயிற்சி நின்றதும் சர்க்கரை இறங்குவதும் நின்றுவிடும் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. உழைத்த தசை, தீர்ந்துபோன இருப்பை நிரப்ப இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். 24 மணி நேரம் வரைகூட இது நீளலாம். போட்ட இன்சுலினும் ஒருபக்கம் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்தால், தூக்கத்திலேயே சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே போய்விடலாம்.

நான் அனுப்பிய அந்த அம்மாவுக்கு அதுதான் நடந்தது. நள்ளிரவு தாண்டி அவர் மகள் போன் செய்தார். தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. கூப்பிட்டால் சம்பந்தமில்லாத பேச்சு. விழுங்க முடிந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள். மறுநாள் அவர் என்னிடம், "நேத்து ரொம்ப நல்லா செஞ்சேன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? மாலையில் கடுமையாகப் பயிற்சி செய்த நாளில் படுக்கும் முன் கட்டாயம் சர்க்கரை பாருங்கள். நள்ளிரவில் இன்னொரு முறை பார்த்தால் நல்லது. குறைவாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். பயிற்சி நாளில் இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். அதைச் சொல்வது பயிற்சியாளர் வேலை இல்லை. உடம்பிலேயே இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் என்றால் மிகவும் குறைவு.

அப்புறம், இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு, சர்க்கரை தாழ்வதைக் காட்டும் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம். உடம்பு சொல்லும் என்று காத்திருக்காமல் மீட்டரைப் பாருங்கள்.

சர்க்கரை தாழ்ந்ததும் சாக்லேட்டைத் தேடுவது

அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் திரும்ப அதே அளவு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

250-க்கு மேல் இருப்பதை ஓடிக் குறைக்கப் பார்ப்பது

டைப் 1 (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ளவர்கள் முதலில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு கரைந்து உருவாகும் பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்று பயிற்சி கிடையாது.

மூச்சைப் பிடித்து எடை தூக்குவது

விழித்திரை பாதித்தவர்களுக்குக் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம்.

வெறுங்காலோடு பயிற்சி செய்வது

சர்க்கரை நோயால் மரத்துப்போன காலுக்குக் கொப்புளம் தெரியாது. ஷூவைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். கழற்றியதும் உள்ளங்காலைப் பாருங்கள்.