ஸ்ட்ரோக் வந்தவருக்கு அறிவாற்றல் சோதனை: தாளை நீட்டும் முன் பார்க்க வேண்டியவை

கை கால் தேறி நடக்க ஆரம்பித்தவரை நன்றாகிவிட்டார் என்று அனுப்பிவிடுகிறோம். வீட்டுக்குப் போனபின் அதே மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொள்கிறார். அதனால் வார்டில் இருக்கும்போதே நினைவு, கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்காக, நான் செய்யும் வரிசையை எழுதுகிறேன்.

முதலில் விழிப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறதா? நேற்று தெளிவாக இருந்தவர் இன்று குழம்புகிறாரா? அது டெலீரியமாக, அதாவது உடல்நலக் கோளாறால் திடீரென வரும் குழப்பநிலையாக இருக்கலாம். இதற்கு 4ஏடி (4AT) என்ற சின்னச் சோதனை போதும், ஓரிரு நிமிட வேலை. மதிப்பெண் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் அறிவாற்றல் சோதனையைத் தள்ளிவைத்து, தொற்று, சோடியம் குறைவு, சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். ஒரு விஷயம்: பேச்சு போனவரால் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது, அதனாலேயே 4ஏடி மதிப்பெண் ஏறிவிடும். அவரிடம் விழிப்பையும், நிலை ஏறி இறங்குகிறதா என்பதையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்புறம் மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி. இரண்டும் பெரும்பாலும் பையிலேயே கிடக்கும். எடுத்து மாட்டிவிடுங்கள்.

அடுத்து மொழி. சைகை காட்டாமல் "கண்ணை மூடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பேனாவைக் காட்டி "இது பேனாவா?", "இது சாவியா?" என்று இரண்டு விதமாகவும் கேளுங்கள். இரண்டுக்கும் தலையாட்டினால் அஃபேசியா, அதாவது மூளை பாதிப்பால் மொழித்திறன் குறைவது, இருக்கலாம். சாதாரணத் தாளில் அவர் எடுக்கும் குறைந்த மதிப்பெண்ணை வைத்து நினைவாற்றலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இனி பலரும் தடுக்கி விழும் இடம்: நெக்லெக்ட், அதாவது ஒரு பக்கத்தையே மூளை கவனிக்காமல் விடுவது. மூளையின் வலப்பக்கம் பாதித்தவர்களிடம் இது அதிகம். இவர்கள் சரளமாகப் பேசுவார்கள், அதனால் சந்தேகமே வராது. நட்சத்திரங்களைக் கோடு போட்டு அடிக்கும் தாளைக் கொடுத்துப் பாருங்கள். சின்ன நட்சத்திரங்களை மட்டும் அடிக்க வேண்டும், மொத்தம் 54. வலது ஓரத்தில் ஒன்று விடாமல் அடித்துக்கொண்டே வருவார், நடுவில் தடுமாறுவார், இடது பாதியைத் தொடாமலே "முடிச்சிட்டேன்" என்று பேனாவை வைத்துவிடுவார். 44க்குக் கீழே போனால் நெக்லெக்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். இதே மனிதர் கடிகாரம் வரைந்தால் பன்னிரண்டு எண்களும் வலப்பாதியில் நெருக்கியடிக்கும். அவருக்கு எண்கள் தெரியும், தாளின் இடது பாதிதான் அவருக்கு இல்லை. பார்வைப் புலம், அதாவது ஒரு பக்கப் பார்வை, மட்டும் போனவர் அப்படியில்லை. "இந்தப் பக்கமும் பாருங்க" என்றால் தலையைத் திருப்பித் தேடிவிடுவார். நெக்லெக்ட் இருப்பவர் சொன்ன நொடியில் திரும்புவார், மறுபடி வலப்பக்கமே போய்விடுவார்.

எந்தச் சோதனை? ஸ்ட்ரோக்குக்கு என் முதல் தேர்வு ஓ.சி.எஸ். (ஆக்ஸ்போர்டு காக்னிட்டிவ் ஸ்கிரீன்). படங்களும் விடைகளும் தாளின் நடுவில் மேலிருந்து கீழாக இருக்கும், பல இடங்களில் விரலால் காட்டினாலே போதும், ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனி முடிவு கிடைக்கும். அது இல்லையென்றால் மோகா (MoCA) என்ற பொதுவான அறிவாற்றல் சோதனை. 30க்கு 26க்குக் கீழ் என்றால் மேலும் ஆராய வேண்டும் என்பது பழைய வரையறை. ஸ்ட்ரோக் வந்த புதிதில் பெரும்பாலோர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மோகா பேசிக் எடுங்கள். எம்.எம்.எஸ்.இ. (MMSE) என்ற பழைய சோதனை வேண்டாம் என்பேன், திட்டமிடும் திறனை அது சரியாகத் தொடுவதில்லை.

நோயாளியின் மொழியில் சரிபார்க்கப்பட்ட வடிவத்தையே எடுங்கள். அந்த இடத்திலேயே மொழிபெயர்த்துக் கேட்டால் மோகாவில் வரும் ஐந்து சொல் நினைவுச் சோதனையின் கடினம் மாறிவிடும்.

குறிப்பேட்டில் வெறும் "18/30" என்று எழுதாதீர்கள். "இடது நெக்லெக்ட், பாதியில் களைத்துவிட்டார்" என்று சேர்த்து எழுதுங்கள். ஸ்ட்ரோக்குக்கு முன்பே மறதி இருந்ததா என்று குடும்பத்தாரிடம் தனியாகக் கேட்டு அதையும் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: கூட இருப்பவர்கள் விடையை எடுத்துக்கொடுக்கிறார்களே, என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நோயாளிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் போல் கழித்து மறுபடி பார்க்கும்போது மோகாவின் வேறு வடிவத்தைக் கொடுங்கள். அதே தாளைக் கொடுத்தால் பழைய சொற்கள் நினைவில் இருந்து மதிப்பெண் கூடிவிடும்.