அடைமழைக் காலத்தில் பழைய பத்திரங்களையும் நெகட்டிவ்களையும் நகல் எடுக்கும் முறை

காவிரிப் படுகையில் நகல் எடுக்க வரும் கூட்டமும் மழையும் ஒரே சமயத்தில்தான் வந்து சேர்கின்றன. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கான கெடு நெருங்கும் ஐப்பசி, கார்த்திகை நாட்களில் அடங்கல், சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு, மஞ்சள் பைக்குள் மூலப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு விவசாயிகள் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்பார்கள். எந்திரம் திட்டுத்திட்டாக நகல் தருவதும், தாளைச் சுருட்டுவதும், நடுவழியில் சிக்க வைப்பதும் அதே நாட்களில்தான். கடைக்காரர்களில் பலர் உடனே டோனர் என்னும் மைத்தூளையோ, எழுத்து பதியும் உருளையான டிரம்மையோ மாற்றிப் பணத்தை விரயம் செய்கிறார்கள். இந்த மாதங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தாளில் ஏறியிருக்கும் ஈரத்தைத்தான்.

இதன் காரணம் எந்திரம் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்சன், தம் உதவியாளர் ஆட்டோ கோர்னெய் என்பவருடன் சேர்ந்து, நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் 1938 அக்டோபர் 22 அன்று முதல் நகலை எடுத்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை இருட்டறையில் துணியால் அழுத்தித் தேய்த்து மின்னேற்றினார்கள். அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் மையால் எழுதப்பட்ட கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்துச் சில நொடிகள் விளக்கொளி காட்டினார்கள். ஒளி பட்ட இடங்களில் மின்னேற்றம் வடிந்துவிட, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் அது தங்கியது. மேலே தூவிய லைகோபோடியம் என்னும் மெல்லிய வித்துத்தூள் அங்கே ஒட்டிக்கொண்டது. மற்றதை ஊதித் தள்ளியதும் எழுத்து தெரிந்தது. நம் கணக்கில் அது ஐப்பசி முதல் வாரம். அதே வாரத்தில் மன்னார்குடியிலோ திருவாரூரிலோ அடைமழைக்கு நடுவே துணியால் தேய்த்திருந்தால், ஏறிய மின்சாரம் ஈரக்காற்றிலேயே கசிந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

1959-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 எந்திரத்திலிருந்து இன்று கடைகளில் ஓடும் எந்திரங்கள் வரை அடிப்படை அதுவேதான். டிரம்மில் மின்னேற்ற வடிவமாக எழுத்து பதிகிறது; டோனர் தூள் அதில் ஒட்டுகிறது; தாளின் பின்புறம் கொடுக்கப்படும் மின்னேற்றம் அந்தத் தூளைத் தாளுக்கு இழுக்கிறது; சூடான ஃபியூசர் உருளை அதை உருக்கிப் பிடிக்க வைக்கிறது. ஈரத்தாள் மின்சாரத்தைக் கடத்திவிடுவதால் இழுவை குறைந்து, நடுநடுவே எழுத்து விழாமல் போகிறது. அதே ஈரம் ஃபியூசரில் ஆவியாகும்போது தாள் சுருண்டு சிக்கிக்கொள்கிறது. முதல் 914 எந்திரங்களில் தாள் சூட்டில் கருகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் அதனுடன் ஒரு தீயணைப்பானையும் சேர்த்தே கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

ஆகவே முதல் வேலை தாளைக் காய வைப்பது. கட்டைப் பிரித்தால் அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் தட்டில் போட்டுவிட்டு, மீதியை அதன் மேலுறையிலேயே மடித்து மூடி வைக்க வேண்டும். இரவில் தட்டில் தாளை விடக் கூடாது. மரப்பெட்டியிலோ அலமாரியிலோ 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தாளில் படாமல் தொங்கவிட்டு எரிய விட்டால் உள்ளிருக்கும் கட்டுகள் காய்ந்திருக்கும். வெயிலில் பரப்பிக் காய வைப்பது வேண்டாம். ஓரம் மட்டும் காய்ந்து தாள் அலையலையாக நெளிந்துவிடும். அப்படியும் சுருண்டால் தட்டில் உள்ள தாளைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். பெரிய எந்திரங்கள் சிலவற்றில் டிரம்முக்கும் தாள் தட்டுக்கும் ஈரம் போக்கும் ஹீட்டர் உண்டு. அது வேலை செய்ய இரவிலும் மின்சாரம் வேண்டும் என்பதால், அத்தகைய எந்திரத்தின் பிளக்கைப் பிடுங்காமல் விடுவது நல்லது. காலையில் எந்திரத்தை இருபது நிமிடம் ஓட விட்டு, நான்கைந்து வீண் நகல்கள் எடுத்த பிறகே வாடிக்கையாளரின் பத்திரத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

அசலை எப்போதும் கண்ணாடியில் வைத்தே எடுக்க வேண்டும். தாளைத் தானாக உள்ளிழுக்கும் ஃபீடரில் விடக் கூடாது. அவசரத்தில் நான் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஃபீடரில் கொடுத்து, பல ஆண்டுகளாக ஒரே மடிப்பில் இருந்த தாள் அந்த மடிப்பிலேயே இரண்டாகப் பிரிந்ததைப் பார்த்து நின்றிருக்கிறேன். பத்திரத்துக்கு உரியவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மடிப்பு விழுந்த பத்திரத்தை இரண்டு நாள் கனமான புத்தகங்களுக்கிடையே வைத்தால் போதும், இஸ்திரிப் பெட்டி தேவையில்லை. இருபுறமும் எழுதியிருந்து மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், அசலின் முதுகில் ஒரு கறுப்புத் தாளை வைத்தாலே அந்த நிழல் பெரும்பாலும் மறைந்துவிடும். பழுப்பேறிய தாளுக்கு அடர்த்தியை ஒரு படி குறைத்து, எழுத்தும் படமும் சேர்ந்த அமைப்பில் வைக்கலாம்.

மங்கிய ஊதா முத்திரைதான் உண்மையான சோதனை. கருப்பு வெள்ளை நகலிலும், தானாகவே வெளுப்பாக்கும் செல்போன் செயலிகளிலும் அது காணாமல் போய்விடும். வண்ணத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால், பிறகு படத்திருத்தும் மென்பொருளில் நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். சிவப்பு அடுக்கை மட்டும் எடுத்தால் பழுப்புக் கறை வெளுத்து நீல மை கருமையாகும். ஊதா முத்திரை பச்சை அடுக்கில்தான் தெளிவாகத் தெரியும்.

அசலை லேமினேஷன் செய்வதைப் பாதுகாப்பு என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். ஒருமுறை பிளாஸ்டிக்கில் வெந்துபோன பத்திரத்தைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது கடினம். அசலுக்கு அதைச் செய்யவே வேண்டாம். நகலையும் மெத்தென்ற பிவிசி உறையில் போடக் கூடாது. நாளடைவில் டோனர் எழுத்து தாளைவிட்டு உறையில் ஏறிவிடும்; சாதாரணக் காகித உறையே போதும்.

நெகட்டிவ் எனப்படும், ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த படச்சுருள் வேறு வகை. இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் 1841-இல் காப்புரிமை பெற்ற கலோடைப் என்னும் புகைப்பட முறையில்தான், ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. எனவே வீட்டில் பழைய படம் செல்லரித்துப் போயிருந்தாலும் நெகட்டிவ் கிடைத்தால் கவலையில்லை. அதை ஓரத்தில் மட்டும் பிடித்து, பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஓரத்து எழுத்துகள் நேராகத் தெரிந்தால் பக்கம் சரி. வெள்ளை நிறத்தில் ஒளிரும் செல்போன் திரைக்கு இரண்டு விரற்கடை மேலே, திரையின் புள்ளிகள் படத்தில் விழாத உயரத்தில் அதைத் தாங்கிப் பிடித்து, வேறொரு செல்போனால் படமெடுத்து நிறங்களைத் தலைகீழாக்கினால் படம் கிடைத்துவிடும்.

நெகட்டிவில் பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீர் தொடக் கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரைந்து, உருவமே வழிந்துவிடும். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் பிய்க்காமல், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுக் கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்தால், எதிரொளி விழாமல் முகங்கள் முழுமையாகப் பதியும்.