வீல்சேரோட வெளிநாடு கிளம்புறதுக்கு முன்னாடி

யாருக்கு போன் போட்டு கேட்டாலும் "ஆமா சார், வீல்சேர் ஃப்ரெண்ட்லி தான், ஒன்னும் பிரச்சனை இல்ல"ன்னு தான் சொல்வாங்க. ஏர்லைன் சொல்லும், ஹோட்டல் சொல்லும், டூர் ஏஜென்ட் இன்னும் சத்தமா சொல்வாரு. அந்த ஆமாவ நம்பி டிக்கெட் போடாதீங்க. எத்தனை சென்டிமீட்டர், எத்தனை படி, எத்தனை கிலோன்னு கேளுங்க, பதில மெயில்ல வாங்குங்க. இதுல முக்கால்வாசி வேலை இப்படி நச்சரிக்கிறது தான், பிளேன் ஏறுறதெல்லாம் அப்புறம்.

அதுக்கு உங்க சேரோட அளவு உங்களுக்கு தெரியணும்ல, ஒரு டேப் எடுத்து அகலம், உயரம், மடிச்சா எவ்வளவு, பேட்டரியோட எடை எல்லாம் குறிச்சு வச்சுக்கோங்க. அகலத்த சீட்டுல அளக்காதீங்க, கையால தள்ற ரிம் இருக்குல்ல, அதோட வெளி ஓரத்துல இருந்து இந்தப் பக்க வெளி ஓரம் வரைக்கும். உயரம் எதுக்குன்னா சின்ன பிளேன்ல கார்கோ கதவு ரொம்ப தாழ்வு, முதுகு மடங்காத பவர் சேர் நிமிந்தபடி உள்ள போகாது, சாய்ச்சு தான் தள்ளுவாங்க, அங்க தான் ஜாய்ஸ்டிக் உடையும்.

எந்த ஊரு மொதல்ல? என்னைக் கேட்டா சென்னைல இருந்து போறவங்களுக்கு சிங்கப்பூர் தான். நேரா ஃப்ளைட், நாலு மணி நேரம் பக்கம், எம்.ஆர்.டின்னு சொல்ற மெட்ரோ ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு, பொது பஸ் எல்லாத்துலயும் ரேம்ப் இருக்கு, டிரைவரே இறங்கி வந்து விரிச்சு விடுவாரு. லண்டன்ல பஸ்சும் கருப்பு டாக்சியும் எல்லாமே ரேம்ப்போட தான் வரும், பஸ்ல வீல்சேர்ல போறவங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆனா அண்டர்கிரவுண்ட், அதாவது அங்க ஓடுற மெட்ரோவ நம்பி பிளான் போட்டா மாட்டிப்பீங்க, அது 1863ல ஆரம்பிச்சது, மூணுல ஒரு பங்கு ஸ்டேஷன்ல தான் படியில்லாம போக முடியும். 2022ல திறந்த எலிசபெத் லைன்ல மட்டும் எல்லா ஸ்டேஷனும் ஓகே. பாரிஸ்ல மெட்ரோவ மறந்துடுங்க, 14வது லைன் ஒன்னு தான் முழுசா போகலாம், மத்ததுக்கு பஸ். ஜப்பான் வேற லெவல், கேட்ல நீங்க எங்க இறங்கணும்னு கேட்டு அந்த ஸ்டேஷனுக்கு போன் போட்டுடுவாங்க, இறங்குற இடத்துல உங்க பெட்டி கதவுக்கு நேரா ஒருத்தர் ரேம்ப கைல வச்சுக்கிட்டு நிப்பாரு.

டிக்கெட் போடும்போது "வீல்சேர் வேணும்"னு மட்டும் டிக் பண்ணி விட்டா பத்தாது. அதுல மூணு வகை இருக்கு, ஒவ்வொன்னுக்கும் ஏர்லைன்ல ஒரு எழுத்து கோட். டபிள்யூ.சி.ஹெச்.ஆர்னா படி ஏற முடியும், தூரம் தான் நடக்க முடியாது. டபிள்யூ.சி.ஹெச்.எஸ்னா படி முடியாது, ஆனா பிளேனுக்குள்ள சீட் வரைக்கும் நடப்பாங்க. டபிள்யூ.சி.ஹெச்.சின்னா சீட் வரைக்கும் தூக்கி உக்கார வைக்கணும். நம்ம ஏர்போர்ட்ல அமெரிக்கா போற வழில வீல்சேர் வரிசைய பாத்திருப்பீங்க, பேரப்புள்ளைய பாக்கப் போற அம்மா அப்பாக்கள் தான் பாதி, இங்கிலீஷ் பிரச்சனை, இமிக்ரேஷன்ல அலைய முடியாதுன்னு புள்ளைங்க போட்டு விடுறது, தப்பு சொல்லல. ஆனா அதனால ஸ்டாஃப் உங்களையும் "கொஞ்சம் எந்திரிச்சுக்கோங்க சார்"னு தான் ஆரம்பிப்பாங்க. இந்த கோட் சரியா இருந்தா தான் ஆம்புலிஃப்ட்டும் (சேரோட பிளேன் கதவு உயரத்துக்கு தூக்குற வண்டி) ஐல் சேரும் (பிளேனுக்குள்ள போற ஒடுக்கமான சேர்) ரெடியா வரும். 48 மணி நேரம் முன்னாடியே சொல்லிடணும், சொன்னதுக்கு மெயில் வச்சுக்கோங்க. மாறிப் போற ஃப்ளைட்டா இருந்தா நடுவுல மூணு மணி நேரமாவது விடுங்க, ஏன்னா நீங்க தான் கடைசியா இறங்குவீங்க.

பவர் சேர்க்காரங்க பேட்டரிய இப்பவே போய் பாருங்க. வோல்ட்ட ஆம்பியர் ஹவரால பெருக்குனா வாட் ஹவர் வரும். கழட்டுற மாதிரி லித்தியம் பேட்டரின்னா ஒன்னு 300 வாட் ஹவர் வரைக்கும், இல்ல ரெண்டு இருந்தா ஒவ்வொன்னும் 160 வரைக்கும். 24 வோல்ட் 12 ஆம்பியர் ஹவர்னா 288, தப்பிச்சீங்க, அதே 20னா 480, நிறுத்திடுவாங்க. கழட்டின லித்தியம் பேட்டரி கேபினுக்குள்ள உங்க கூட தான் வரணும், செக்-இன் பைல போடக்கூடாது, முனைல டேப் ஒட்டிடுங்க. ஜெல் பேட்டரின்னா சேர்லயே இருக்கலாம். எதுவா இருந்தாலும் ஏர்லைன்ட்ட முன்கூட்டி அனுமதி வாங்கி, அந்த மெயிலயும் கம்பெனி ஸ்பெக் பேப்பரையும் பிரிண்ட் எடுத்து கைல வச்சுக்கோங்க, செக்யூரிட்டில போன் ஸ்கிரீன காட்டிக்கிட்டு நிக்க முடியாது. சார்ஜர் பின்னாடி 100-240ன்னு போட்டிருக்கான்னும் பாருங்க, அமெரிக்கா, ஜப்பான்லெல்லாம் கரண்ட் நம்ம வோல்டேஜ்ல பாதி தான்.

செக்-இன் கவுண்டர்ல சொந்த சேர வாங்கிக்கிட்டு ஏர்போர்ட் சேர்ல மாத்த பாப்பாங்க. ஒத்துக்காதீங்க. பிளேன் கதவு வரைக்கும் என் சேர்ல தான் வருவேன், இறங்கும்போதும் கதவுல தான் வேணும்னு சொல்லி அதுக்கான டேக் போட வைங்க. குடுக்குறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. குஷன், சைடு கார்டு, ஃபுட்ரெஸ்ட், கழண்டு வர்றது எல்லாம் உங்க கூட உள்ள.

கதவுல இருந்து சீட்டுக்கு ஐல் சேர், அது ஒடிசலான ஒரு பலகை மாதிரி இருக்கும், பெல்ட் போட்டு கட்டுவாங்க. தூக்குற ரெண்டு பேரும் உங்கள இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல, அதனால அவங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க பேசிடணும். ஒருத்தர் பின்னாடி நின்னு அக்குளுக்கு கீழ கைய விட்டு உங்க முன்னங்கைய பிடிக்கணும், இன்னொருத்தர் முட்டிக்கு கீழ, ஒன்னு ரெண்டு மூணு எண்ணி ஒரே நேரத்துல. சட்டையையோ பேன்ட் பெல்ட்டையோ பிடிச்சு இழுக்க விடாதீங்க. ஐல் பக்கம் கைப்பிடி தூக்குற மாதிரி சீட் எதுன்னு முன்னாடியே கேட்டு வாங்கிட்டா, அதுக்கு மேல தூக்கிப் போட வேண்டியதில்ல, அப்படியே நகந்துடலாம். காலு உணர்ச்சி இல்லாதவங்க பாதம் எங்க மாட்டிருக்குன்னு கண்ணால பாத்துக்கோங்க.

உள்ள சொந்த குஷன்ல உக்காருங்க. காத்து குஷன்னா கேபின் பிரஷர் கம்மியாகும்போது உப்பிக்கும், மேல போனதும் கொஞ்சம் காத்த விடணும், இறங்கினதும் திரும்ப அடிக்கணும், குட்டி பம்ப் பைல இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு தடவை உடம்ப தூக்கி அசைச்சு குடுங்க, படுக்கைப்புண் வந்தா டூரே போச்சு. பாத்ரூம் பயத்துல முந்தின நாளே தண்ணிய நிறுத்திடறாங்க பாருங்க, அது வேண்டாம், யூரின் இன்ஃபெக்ஷன்ல போய் நிக்கும். ரெண்டு ஐல் இருக்குற பெரிய பிளேனா பாத்து போடுங்க, பாத்ரூம் போக பிளேனுக்குள்ளயே வச்சிருக்குற ஆன்போர்டு வீல்சேர் இருக்கான்னு கேளுங்க. க்ரூ பாத்ரூம் கதவு வரைக்கும் தள்ளிட்டு வருவாங்க, தூக்கவோ உள்ள உதவவோ மாட்டாங்க. கதீட்டர், கால்ல கட்டுற யூரின் பை (லெக் பேக்) எதுவா இருந்தாலும் டாக்டர்ட்ட பேசி வீட்லயே பழகிட்டு கிளம்புங்க.

ஹோட்டல் விஷயத்துல தான் ஆமா சார் அதிகமா விளையாடும். பாத்டப்புக்கு பக்கத்துல ஒரு கம்பிய மாட்டிட்டு அதுக்கும் வீல்சேர் ரூம்னு பேரு வச்சிருப்பாங்க. ரோல்-இன் ஷவர், அதாவது தடுப்பு இல்லாம சேரோட உள்ள போற ஷவர் வேணும்னு கேளுங்க, பாத்ரூம் கதவ திறந்து வச்சு நடுவுல டேப் பிடிச்சு போட்டோ அனுப்ப சொல்லுங்க. நல்ல ஹோட்டல் அனுப்பிடும், "அதெல்லாம் போகும் சார்"னு சொல்றவங்கள விட்டுடுங்க. கட்டில் உயரம், வாசல்ல படி, லிஃப்ட் உள்ளளவு இதையும் கேளுங்க, ஐரோப்பால பழைய பில்டிங்ல நாலு படி ஏறினாதான் லிஃப்டே வரும். புக்கிங் ஆப்ல டிக் பண்றது வெறும் ரிக்வெஸ்ட், ரூம உறுதி பண்ண ஹோட்டலுக்கே மெயில் போடணும்.

யு.டி.ஐ.டி கார்டோட (நம்ம அரசு தர்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இங்கிலீஷ்ல ஒரு டாக்டர் லெட்டரும் எடுத்துக்கோங்க. பாரிஸ்ல லூவ்ர் மாதிரி இடத்துல ஆதாரம் காட்டினா உங்களுக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல.

சேர் உடைஞ்சு வந்துச்சுன்னா ஏர்போர்ட்ட விட்டு வெளிய போகாதீங்க. அங்கயே லக்கேஜ் கவுண்டர்ல பி.ஐ.ஆர்னு சொல்ற சேத அறிக்கை போட்டு நம்பர் வாங்குங்க, உடைஞ்ச இடத்த போட்டோ எடுங்க, எழுத்துல புகார் 7 நாளுக்குள்ள போயாகணும். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரீல் ஒப்பந்தப்படி சேரும் லக்கேஜ் கணக்கு தான், நஷ்டஈடு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர் (ஐ.எம்.எஃப்போட கணக்கு அலகு), ரெண்டாயிரம் டாலர் பக்கம் வரும், நம்ம காலா இருக்குற சேரையே லக்கேஜ்னு எழுதி வச்சிருக்காங்க, என்னத்த சொல்ல. உங்க சேர் அதுக்கு மேல விலைன்னா செக்-இன்ல மதிப்ப எழுத்துல தனியா டிக்ளேர் பண்ணுங்க, கொஞ்சம் காசு கேக்கலாம், குடுத்துடுங்க. ஏர்லைன்காரங்க தற்காலிகமா ஒரு சேர் தரலாம், உங்க அளவு மொதல்லயே குறிச்சு வச்சீங்கல்ல, அத காட்டி அதுக்கு ஏத்ததா கேளுங்க. ஆலன் கீ, சக்கரத்துக்கு ஒரு டியூப், ரெண்டு கேபிள் டை இதெல்லாம் செக்-இன் பைல போடுங்க, ஆலன் கீ மாதிரி டூல்ஸ கேபின்ல கொண்டு போனா செக்யூரிட்டில எடுத்து வச்சுக்கலாம்.