வயது வந்தோருக்கான ரசிகர் ஓவியம்: கோடு போடும் முன் பார்க்க வேண்டியவை

பிறர் கதையில் வரும் பாத்திரத்தை ரசிகர் தாமே வரைவதுதான் ரசிகர் ஓவியம். ரத்தமோ காமமோ, அது வயது வந்தோருக்கானது என்றால் ஸ்டைலஸைத் தொடும் முன் பாத்திரத்தின் வயதைப் பாருங்கள். மூலக்கதையில் 18 நிறையவில்லை என்றால் காமப் படம் கிடையாது. "இதில் இவளுக்கு 20" என்று அடியில் எழுதினாலும் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, சிறாரை ஆபாசமாகக் காட்டும் டிஜிட்டல் படத்தை உருவாக்குவதையே குற்றமாக்குகிறது: முதல் தடவையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வயது வந்த பாத்திரமும் கை தவறினால் சின்னப் பிள்ளையாகிவிடும். வளர்ந்த உடம்பு ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம். அனிமே பாணி என்று அதை ஐந்து தலைக்குச் சுருக்கி, கண்ணைப் பெரிதாக்கி, தாடையைக் குறுக்கினால் பார்ப்பவருக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைதான் தெரியும். ஆறரைக்குக் கீழே இறங்க வேண்டாம். பள்ளிச் சீருடை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது முகம். சினிமாப் பாத்திரம் கற்பனை. முகம் உயிரோடு இருக்கிற ஒரு நடிகையுடையது. ஆடை, நகை, நிற்கிற தோரணையை எடுத்துக்கொண்டு முகத்தைப் புதிதாகக் கட்டுங்கள். உடை வரைந்த லேயரை (அடுக்கை) அணைத்துவிட்டு, கழுத்துக்கு மேலே மட்டும் கூட்டாளியிடம் காட்டுங்கள். நடிகை பேர் அவன் வாயில் வந்துவிட்டால் மூக்கையும் தாடையையும் மாற்றியாக வேண்டும்.

"கிருஷ்ணாபுரம் கோயில்ல ரதி சிலை நிக்காளே, நான் வரைஞ்சா மட்டும் தப்பா?" என்பது நம் நெல்லைப் பக்கத்தில் வழக்கமாக வரும் வாதம். ஆபாசப் படங்களை விற்பதையும் பரப்புவதையும் தடுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆவது பிரிவு, கோயிலில் உள்ள சிற்பத்துக்கும் சாமி தேரில் உள்ள வேலைப்பாட்டுக்கும் விலக்கு தருகிறது. உங்கள் டேப்லெட் அந்தப் பட்டியலில் இல்லை.

நாட்டார் தெய்வங்களான சுடலைமாடனையும் இசக்கியையும் கேம் வீரர்கள் மாதிரி வரைகிற ஆசை நல்ல ஆசைதான். வில்லுப்பாட்டில் வருகிற கதையே உக்கிரமானது. ரத்தமும் சுடுகாடும் அங்கே அந்நியமில்லை. ஆனால் இசக்கியின் சேலையை உரிப்பது வேறு விஷயம். அவள் யாரோ ஒரு வீட்டுக் குலதெய்வம்; வருஷா வருஷம் கொடை விழா கொடுக்கிறார்கள். நிறம் ஏற்றும் முன்பே பென்சில் நிலையில் அப்படி ஒரு குடும்பத்தில் பெரியவர் யாரிடமாவது காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை.

வெளியிடும்போது சிக்கல் பெரும்பாலும் முன்னோட்டப் படத்தில்தான் வரும். போனிலுள்ள ஹைலைட்டரால் மறைத்தால், அந்தக் கறுப்பு முழுக் கறுப்பில்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். மங்கலாக்கினாலும் சின்ன அளவில் உடம்பின் வடிவம் அப்படியே நிற்கும். ஆகவே மறைக்காதீர்கள், வெட்டுங்கள்: எல்லா லேயரையும் ஒன்றாக்கி, முகமும் தோளும் மட்டும் வெட்டி, 800 பிக்சல் அகலத்தில் தனி ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். எச்சரிக்கைக் குறிச்சொல்லில் காமமா, வன்முறையா என்று பிரித்துச் சொல்லுங்கள். பொதுவாக "18+" என்று மட்டும் போட்டால், ரத்தம் பார்க்க முடியாதவர் காமப் படம் மட்டும்தான் என்று நம்பித் திறந்துவிடுவார்.

வீட்டில் போன் கைமாறும். அக்கா பிள்ளை ரைம்ஸ் பார்க்கக் கேட்கும். ஏற்றுமதியான படம் நேரே கேலரிக்குத்தான் போய் விழும். உடனே கூகுள் போட்டோஸின் லாக்டு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். ஏ4 பிரிண்டுக்கு 2480 × 3508 பிக்சல் வேண்டும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் ஜெராக்ஸுக்கு நிற்கிற கடையில் எடுக்காதீர்கள். பென் டிரைவில் கொடுத்த ஃபைலைக் கடைக்கார அண்ணாச்சி டெஸ்க்டாப்பில் காப்பி போட்டுத்தான் அடிப்பார். அழித்தாலும் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டு, கண்ணால் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.